முதுகுத் தையல்

அந்த வீட்டில் பல்பு கூடச் சாகக் கூடாது என்று சட்டம்.

நடைவழி விளக்கு ஒருநாள் காலையில் எரியாமல் போயிற்று. படுத்திருந்தபடியே லிஃப்ட் மெக்கானிக், “டெய்லரம்மா, அந்த பல்பு செத்துப்போச்சு பாரு, மாத்திடு” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். ஜெபத்துக்கு வந்திருந்த மனைவியின் அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

“தம்பி! அந்த வார்த்தை இந்த வீட்டுல வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அணைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க.”

“அணைஞ்சா மறுபடி எரியணுமே அண்ணி. இது உள்ள கம்பியே அறுந்துபோச்சு.”

“நம்ம வாய் வார்த்தைக்கு வல்லமை இருக்கு தம்பி.”

“உங்க வார்த்தைக்கு இருக்கு அண்ணி. பக்கத்துத் தெருவே எழுந்திருச்சுடுது.”

அக்காவின் தொண்டை அப்படி. அதனால்தான் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ‘மைக்செட்’ என்று பெயர் வைத்திருந்தார். தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதுவும் அவிசுவாசத்தில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, பல்பை மாற்ற ஸ்டூலைத் தேடிப் போனாள்.

சட்டம் போட்டவள் அக்கா. கேட்டு வாங்கிக்கொண்டவள் இவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இனிமே குடுக்கிற மருந்து வலிக்குத்தான்மா, நோய்க்கு இல்ல. வீட்டுல வெச்சு நல்லா பார்த்துக்கோங்க” என்றார். வயிற்றில் தொடங்கிய கட்டி ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. இவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டுக்கு அடியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். அழக்கூட விடாமல் அக்கா சொன்னாள்: “டாக்டர் சொன்னது டாக்டரோட இருக்கட்டும். கர்த்தர் என்ன சொல்றார்னு பார்ப்போம். நீ சம்மதிக்காத, அவ்வளவுதான்.”

வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பு கிடைத்தாலே போதும். இவளுக்கு ஒரு கட்டையே கிடைத்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சபைப் பெண்கள் தினமும் வந்தார்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். உபவாசம் இருந்த வயிற்றோடு வந்து வெந்நீர் போட்டார்கள், படுக்கை விரிப்பை அலசினார்கள், வாந்திப் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் எடுத்தார்கள். ஆனால் அழுதுகொண்டு வருகிறவர்களை மட்டும் வாசலைத் தாண்ட விடவில்லை. அவரோடு வேலை பார்த்த குண்டு மெக்கானிக் ஒருவர், இத்தனை வருஷம் ஒரே லிஃப்ட் கயிற்றில் தொங்கியவர், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் குழந்தை மாதிரி விம்மிவிட்டார். அக்கா அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, “இங்க நாங்க ஜெயம் எடுத்திட்டிருக்கோம், நீங்க கண்ணீரைக் கொண்டு வராதீங்க” என்று அனுப்பிவைத்தாள். மனிதர் நண்பரின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வரவில்லை.

போதாக்குறைக்கு, சுகம் கிடைத்ததற்கு நன்றி ஆராதனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் அக்கா குறித்துவிட்டாள். கிடைத்தபிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும், கிடைக்கும் முன்னால் சொல்வதுதான் விசுவாசம் என்றாள். போதகர் தயங்கினார். அவள் முன்னால் தயங்கி நின்று ஜெயித்தவர் யாரும் இல்லை.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மனைவியோடு உட்கார்ந்து, தான் போகப்போவதைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது “நான் போனப்புறம்...” என்று ஆரம்பிப்பார். அவள் சத்தமாக “ஸ்தோத்திரம்!” என்பாள். மாத்திரை கொடுக்கும்போது “ஒருவேளை எனக்கு...” என்பார். “ஸ்தோத்திரம்!” கடை ஷட்டரை இழுத்து விடுவது போல அந்த வார்த்தையை இழுத்து விடுவாள். அவர் ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவார்.

தெரியாமல் செய்தாளா என்றால், இல்லை. காலையில் அவரை எழுப்பி உட்கார வைக்க இரண்டு கையாலும் மார்பைச் சுற்றி அணைப்பாள். துணி திருத்தும் கடையில் பல காலம் வேலை பார்த்த கைகள் அவை. டேப் இல்லாமலே அளவு சொல்லும். மனிதர் வாரத்துக்கு வாரம் கைக்குள் சுருங்கிக்கொண்டிருந்தார். வாய் ‘சுகமாயிட்டார்’ என்று அறிக்கை செய்துகொண்டிருக்க, கை அளவெடுத்துக்கொண்டே இருந்தது. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் அவளுக்கு ராத்திரியும் பகலும் பயம்தான்.

ஒரு மத்தியானம், ஜெபப் பெண்கள் போனபிறகு, அவர் அலமாரியைக் காட்டினார்.

“என் கல்யாணக் கோட்டை எடு.”

“எதுக்குங்க?”

“நன்றி ஆராதனைக்கு எல்லார் முன்னாடியும் நிக்க வேண்டாமா? இந்த உடம்புல அது ஆணியில மாட்டின மாதிரி தொங்கும். கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முதல் தடவையாக அவர் வாயிலிருந்து விசுவாச வார்த்தை வருகிறது என்று நினைத்தாள். சாம்பல் நிறக் கோட்டு அது, அவளே தைத்தது. மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே, அக்கா புருஷன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்த அளவை வைத்துத் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது கை நீளம் மட்டும் கொஞ்சம் அதிகம். “பொண்ணு தாராள மனசுக்காரி” என்று மாப்பிள்ளை சொன்னாராம். பிறகு அவர் தொந்தி வளர வளர, இவள் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தாள். பிடிக்கச் சொல்லி அது அவள் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஸ்டூலில் அவரை உட்கார வைத்துக் கோட்டை மாட்டிவிட்டாள். எதிரே அலமாரிக் கண்ணாடி. இவள் பின்னால் முட்டி போட்டு, குண்டூசிகளை அள்ளி உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அது அவள் பழக்கம். ஊசிமெத்தை பக்கத்திலேயே இருந்தாலும் வாயில்தான் வைப்பாள். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது அதுதான் வசதி. ‘என்னைக்காவது முழுங்கிட்டு நிக்கப்போற’ என்று அவர் திட்டாத நாளில்லை. அன்றைக்குத் திட்டவில்லை. முதுகுத் தையலின் இரண்டு பக்கத் துணியையும் அவள் சேர்த்துப் பிடித்து முதல் ஊசியைக் குத்தும்வரை பொறுத்திருந்தார்.

“இந்தக் கோட்டு ஆராதனைக்கு இல்ல” என்றார்.

அவள் கை நின்றது.

“பெட்டிக்குள்ள போட்டுக்க. ஏமாத்தித்தான் உட்கார வெச்சேன், தப்புதான். வேற வழி தெரியல. உன் வாயில ஊசி இருந்தாத்தான் நான் பேச முடியும்.”

கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே பேசினார். அவசரப்படவில்லை.

“தினம் வேலைக்குக் கிளம்பும்போது ஒருநாளாவது உன்கிட்ட சொல்லாம போயிருக்கேனா? சண்டை போட்ட அன்னைக்குக்கூட வாசல்ல நின்னு ‘போயிட்டு வர்றேன்’னு கத்திட்டுத்தானே போவேன். இவ்வளவு தூரம் போறப்ப மட்டும் சொல்லாம கொள்ளாம போகச் சொல்றீங்களே, நியாயமா இது?”

அவள் மூக்கில் நீர் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

“இங்க பாரு. லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள மாட்டினவன் கதவை டம்டம்னு தட்டுவான். எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுக்கிறது என்ன தெரியுமா? ஸ்பேனரை எடுக்காத, குரல் குடு. ‘வந்துட்டேன், பயப்படாதீங்க’ன்னு சொல்லு. கதவு திறக்க நேரமானாலும் பரவாயில்ல. வெளியே நமக்கு ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சாலே உள்ள இருக்கிறவனுக்குப் பாதி உயிர் வந்துடும். எனக்கு அந்தக் குரல் கேட்குது. நிஜமா கேட்குது. சின்ன வயசுலேர்ந்து யாரை நம்பினேனோ அவர் குரல்தான். ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்து போடுற சத்தத்துல சரியா காதுல விழ மாட்டேங்குது.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“பயமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வலின்னா பயம். உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேனேன்னு நினைச்சா அழுகை வருது. ஆனா அவர் என்னைக் கைவிட்டுட்டார்னு மட்டும் நினைக்காத. ஆண்டவர் சாவுலேர்ந்து எழுப்பிவிட்டவங்ககூட அப்புறம் ஒருநாள் மறுபடி செத்துத்தானே இருப்பாங்க? எனக்குக் கொஞ்ச நாள் கூடக் குடுத்து என்ன ஆகப்போகுது? நான் நம்புறது அதைவிடப் பெரிசு, கடைசி நாள்ல மறுபடி சாகாம எழுந்திருக்கிறதை.”

ஊசிகளைத் துப்பிவிட்டு வாயைத் திறக்க ஒரு நொடி போதும். ‘ஸ்தோத்திரம்’ என்று ஷட்டரை இழுக்க இன்னொரு நொடி. அவள் துப்பவில்லை. துப்ப முடியாமல் இல்லை, வேண்டாம் என்றுதான் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. உதடு நடுங்கியதில் ஓர் ஊசி குத்தி ரத்தம் கரித்தது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். பிறகு தரையில் சப்பென்று உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள்.

“நீங்க செத்துட்டா எனக்கு யாருங்க இருக்கா?” என்றாள்.

பிள்ளையில்லாத வீடு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் கூரை இடிந்து விழவில்லை. அவர் மட்டும் “அப்பாடா” என்று ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

அழுது முடித்து, டீ போட்டுக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். எங்கே புதைப்பது என்று பேசினார்கள். “சுவரோரமா வேணாம், காத்து வராது” என்றார். “காத்து வந்து உங்களுக்கு என்ன ஆகப்போகுது?” என்றாள். “நீ வந்து உட்காருவல்ல, உனக்குத்தான்” என்றார். சமையலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் ஒழுகாது என்று சொல்லிக்கொடுத்தார். கடைக்கு மறுபடி வேலைக்குப் போகச் சொன்னார். பழைய சண்டை ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டார். எந்தச் சண்டை என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை, ஆனாலும் மன்னித்தாள். கட்டிலில் விழுந்தபிறகு அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை அவள் பார்த்ததில்லை. இத்தனை நாள் இந்த மனிதரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தனியாக விட்டிருந்தோமே என்று நெஞ்சு அறுத்துக்கொண்டது.

மறுநாள் அக்கா வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு இவள் கோட்டுத் தைப்பதைப் பார்த்தாள். ஆராதனைக்கா என்று சந்தோஷமாகக் கேட்டாள். இல்லை என்று இவள் உள்ளதைச் சொன்னாள்.

அக்கா வெளிறிப்போனாள். தங்கையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்போதும் ஊரைக் கூட்டும் அந்தத் தொண்டையிலிருந்து கிசுகிசுப்புத்தான் வந்தது.

“சம்மதிச்சுட்டியாடி? நானும் இப்படித்தான் சம்மதிச்சேன். உன் மாமா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப முட்டி போட்டு, ‘உம்ம இஷ்டம்போல செய்யும் ஆண்டவரே’ன்னு சொன்னேன். எழுந்திருக்கிறதுக்குள்ள எடுத்துக்கிட்டார். நான் சொல்லாம இருந்திருந்தா?”

இத்தனை வருஷத்தில் அக்கா இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெண் எவ்வளவு பெரிய பாறையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று தையல்காரிக்கு அழுகை முட்டியது. “அக்கா, மாமா உன் வார்த்தையால போகலக்கா” என்று கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதன்பிறகு வரவில்லை. ஜெபப் பெண்களும் குறைந்துபோனார்கள். குறித்து வைத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று; அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

வீடு அமைதியானது. குண்டு மெக்கானிக்கை இவளே கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து, நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆசை தீர அழுதுவிட்டுப் போனார். போதகர் சாயங்காலங்களில் வந்து சின்னக் குரலில் ஜெபித்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் கட்டிலில் கிடந்தவர் நன்றாகத் தூங்கினார். கோட்டு முடிந்தபோது அவரால் உட்கார முடியவில்லை. போர்வைக்கு மேல் அதை விரித்துக் காட்டினாள். கைமடிப்பைத் தடவிப் பார்த்தார்.

“ஃபிட்டிங் எப்படி டெய்லரம்மா?”

“போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

“சரி. போடுறப்ப பார்த்துக்கோ” என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு காலையில், ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், மூச்சு விட்டு விட்டு வந்தது. அவள் காதருகே குனிந்து, “நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க. போயிட்டு வாங்க” என்றாள். சொன்னாள், ஆனால் சொல்லும்போது அவள் உயிரில் பாதி கிழிந்துதான் வந்தது. அவர் உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு அசையவில்லை.

சவப்பெட்டிக்காரர் வருவதற்கு நேரமாகிவிட்டது. நல்ல மனிதர்; செருப்பை வெளியே விட்டு, சத்தமில்லாமல் நடந்து வந்தார். கோட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பையிலிருந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தார்.

“உடம்பு விறைச்சுப்போச்சும்மா. கை மடங்காது. நாங்க என்ன செய்வோம்னா, கோட்டு முதுகை மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் முன்னாலேர்ந்து மாட்டிச் சொருகிடுவோம். படுத்திருக்கிறப்ப யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“வெட்ட வேண்டாம்” என்றாள்.

“சத்தியமா தெரியாதும்மா. முதுகை யார் பார்க்கப்போறாங்க?”

“எழுந்திருக்கும்போது பார்ப்பாங்கல்ல?”

பெட்டிக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வீடு பார்த்தவர். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்தார்.

“அப்ப தோளையும் முழங்கையையும் மெதுவா தேய்ச்சு விடணும். இளகும். நேரமாகும், பரவாயில்லையா?”

“எனக்கு வேற என்ன வேலை” என்று சொல்லி, அவள் கட்டிலருகே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். குளிர்ந்துபோன தோள். இவ்வளவு காலம் ஸ்பேனர் பிடித்த கை. தேய்த்துத் தேய்த்துத் தன் கை சூட்டை அதில் ஏற்றப் பார்த்தாள். ஏறவில்லை. ஆனால் மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது.

அப்போது வாசலில் அக்கா நின்றாள். உள்ளே வரக் கால் எழாமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என் விசுவாசம் எங்கடி குறைஞ்சுது?” என்றாள்.

“குறையலக்கா. வா, இந்தக் கையைப் பிடி. நான் மட்டும் பிடிச்சா மாட்ட முடியல.”

அக்கா வந்தாள். ஒருத்தி கையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தி கைக்குழியை விரித்து ஏற்ற, முதல் கை உள்ளே போயிற்று. பெட்டிக்காரர் உடம்பைப் பக்கவாட்டில் தாங்கிக்கொண்டார். இரண்டாவது கை சண்டித்தனம் செய்தது. அக்கா அதைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, “தம்பி, கொஞ்சம் விடுங்க தம்பி” என்று கெஞ்சிக் கெஞ்சித் தேய்த்தாள். ஒருவழியாக அதுவும் போயிற்று. தையல்காரி அவர் முதுகுக்கடியில் கையை விட்டு, துணியில் சுருக்கம் இல்லாமல் கழுத்திலிருந்து இடுப்புவரை நீவிவிட்டாள். கோட்டு உடம்போடு சரியாக ஒட்டி நின்றது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரகசியம் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

“நிஜமாவே நம்புறியாடி? எழுந்திருப்பார்னு?”

“நம்பலன்னா வெட்டட்டும்னு விட்டிருப்பேனேக்கா.”

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. கோட்டின் மேல் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அழாதே என்று அக்கா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பல வருஷத்துக்கு முன்னால் போன தன் புருஷனுக்கும் சேர்த்து, அவளும் அழுதாள்.